பெட்டியோடு ஒரு நெடும்பயணம்: திருகோணமலை நாட்கள்

எட்டாம் நாள், புதன்கிழமை

அநுராதபுரத்திலிருந்து திருகோணமலைக்கு ஏ-12 வீதி வழியாக நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். வெறும் ஜீப்பென்றால் இரண்டு மணித்தியாலத்தில் ஓடிவிடலாம். ஆனால், பின்னால் பெட்டி கொளுவியிருக்கும்போது மணிக்கு ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை என்று யாழ்ப்பாணத்தில் புறப்பட்ட அன்றே மனைவி என்னிடம் வாக்கு வாங்கியிருந்ததால், காலை ஏழரை மணிக்கு வெளிக்கிட்ட நாங்கள் கன்னியாவை வந்தடைய நண்பகலாகிவிட்டது.

பெட்டி என்று நான் எழுதிவருவது ஒற்றை அச்சில் ஓடும் சிறிய ட்ரெயிலரை. உள்ளே இருவர் படுக்க ஒரு கட்டில் இருக்கிறது. பின்கதவைத் தூக்கினால் ஓர் அடுப்பும் பாத்திரத் தட்டும் உண்டு. உழவு இயந்திரத்தின் பின்னால் நெல் ஏற்றிப் போவதையும் எங்கள் பக்கத்தில் பெட்டி என்றே சொல்வார்கள் என்பதால், மன்னாரிலிருந்து இதுவரை எங்களை மறித்துக் கதைத்த அத்தனை பேரும் முதலில் கேட்டது உள்ளே என்ன விற்கிறீர்கள் என்பதைத்தான். ஒருவர் விலை பேசாமலேயே இரண்டு கிலோ வேண்டும் என்று பையை நீட்டினார்.

ஹொரவப்பொத்தானையைத் தாண்டி மரங்கள் விலகிய வெளியில் வந்தபோது பெட்டி வால் ஆட்டத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சோளகம் என்று சொல்லும் தென்மேல் காற்றுக்குக் கிழக்கில் கச்சான் என்று பெயர். (எங்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை, திருகோணமலைக்கு முதன்முதல் வந்தபோது 'கச்சான் அடிக்குது' என்று ஒருவர் சொன்னதை நான் விளங்கிக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.) காற்றை நொந்துகொண்டாலும் பிழை என்னுடையது. அநுராதபுரத்தில் நிரப்பிய இரண்டு தண்ணீர்க் கலன்களையும் அவசரத்தில் பின்கதவருகே வைத்துவிட்டேன். பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொளுக்கியின் மேல் அழுத்த வேண்டும். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் கொளுக்கி மேலே தூக்கப்பட்டு, சிறு காற்றுக்கும் பெட்டி இடமும் வலமுமாக அலையும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறையவிட்டு, ஓரத்தில் நிறுத்திக் கலன்களை முன்னுக்கு மாற்றினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலும் வகைகள் உண்டு.

முதலிக்குளம், பன்குளம் என்று ஊர்கள் கடந்தன. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் முன்பு கண்டபடியே சதுரச் சுவர்களுக்குள் கிடந்தன. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் நிலத்தைக் குத்தி நீர் எடுத்தான் என்பது கதை. அந்தியேட்டிக் கிரியைக்காக இங்கே வரும் வழக்கம் அந்தக் கதையை ஒட்டி நெடுங்காலமாக இருந்துவருகிறது. கிணறுகளின் அருகே இருந்த பிள்ளையார் கோயிற் காணி தொடர்பான பிணக்கு 2019இல் போராட்டமாக வெடித்ததைச் செய்திகளில் வாசித்திருந்தேன். இன்று அங்கே வாளியோடு நின்ற கூட்டத்தில் மூன்று மொழியும் கேட்டன. எல்லாரும் ஒரே மாதிரித்தான் முதல் வாளிக்குக் கூச்சலிட்டார்கள். கிணற்றுக்குக் கிணறு சூடு சற்றே வேறுபடும். மனைவி ஏழையும் வரிசையாகத் தொட்டு, தனக்கு ஏற்றது மூன்றாவது என்று தீர்ப்பளித்தாள்.

திரும்பி வந்து வழக்கம்போலச் சில்லுகளின் நடுக்குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஓடி வந்த சில்லின் குடம் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. வலது குடம் அப்படித்தான் இருந்தது. இடது குடத்தில் கையை வைக்க முடியவில்லை. கறுத்த கிரீஸ் உருகி ரிம்மின் உட்புறமெல்லாம் வழிந்திருந்தது. மனைவியும் விரலை வைத்து உடனே இழுத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, இதுதான் எட்டாவது கிணறு."

குடம் ஆறும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு, எஞ்சிய எட்டுக் கிலோமீற்றர் அளவு தூரத்தை முச்சக்கர வண்டிகளும் முந்திச் செல்லும் வேகத்தில் ஊர்ந்தோம். அலஸ்தோட்டத்தில் பழைய அலுவலக நண்பரின் தென்னங்காணி எங்களுக்காகத் திறந்திருந்தது, படலைதான் ஒடுக்கம். பெட்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, பெட்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்த வேண்டும் என்பது எட்டு நாளில் நான் கற்ற ஒரே வித்தை. அதைச் செய்துகொண்டிருக்கும்போது ஒழுங்கையில் கூடிய ஐந்து பேரும் ஐந்து விதமாகக் கை காட்டியதில், நான்காவது முயற்சியில்தான் உள்ளே போனது. ஒரு செவ்விளநீர் மரத்தில் சிறு கீறல்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை

விடியற்காலையில் கடற்கரைப் பக்கமிருந்து கரைவலை இழுப்பவர்களின் குரல் கேட்டது. கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் இந்தப் பக்கக் கடல் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை எழுந்தால் இதே கடலில் இறங்க முடியாது. மடி கரைக்கு ஏறியபோது பெரும்பாலும் சூடை மீனும் கீரி மீனும், நடுவில் வழிதவறிய ஒரு பாரை. காலைச் சமையலுக்குக் கொஞ்சம் வாங்கினோம்.

திருகோணமலை நகரிலேயே உள்ள அநுராதபுரச் சந்திப் பக்கத்திலிருந்து வந்த மெக்கானிக்குக்கு முப்பது வயதிருக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சில்லைக் கையால் சுழற்றினார். அரிசி அரிக்கும் சத்தம் கேட்டது. குடத்தைக் கழற்றியதும் உள்ளே பெயாரிங்கின் உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன.

"ஐயா, கிரீஸ் வைச்ச ஆள் மேலாலதான் பூசியிருக்கிறார். உருளைகளுக்கு நடுவில ஒண்டும் போகேல்லை."

அந்த வேலையைச் செய்தது புறப்படுவதற்கு முதல்வாரம் நான் நம்பிக்கையோடு பெட்டியை விட்ட ஒரு பட்டறை. முழுவதும் கழற்றிப் பூட்டியதாகக் கணக்கெழுதிக் காசும் வாங்கினார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்க்காமல் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். அறுபது வயதுக்குள் எத்தனை தடவை இந்தத் தேநீர் என்னைக் கெடுத்திருக்கிறது என்று எண்ணினால் பெரிய பட்டியல் வரும்.

பெட்டியின் அச்சு ஒரு பழைய சிறு லொறியுடையது. பெயாரிங்கின் இலக்கம் தேய்ந்திருந்ததால் விட்டத்தை அளந்து, கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, இரவுப் பேருந்தில் அனுப்பச் சொல்லியாயிற்று. ஆக, ஓரிரவு மட்டும் தங்கி மட்டக்களப்புக்குப் போவதாக இருந்த எங்கள் திட்டம் முடிந்தது. ஒரு பெயாரிங் வரும்வரை திருகோணமலையில் காத்திருக்க வேண்டும்.

இந்த ஊரை நான் முதலில் அறிந்ததே காத்திருந்துதான். 1998இல் படவரைஞனாக மாற்றலாகி வந்தபோது யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை. ஏ-9 வீதி மூடியிருந்தது. 2002இல் அது திறக்கும்வரை எங்கள் ஆட்களுக்கு ஊர் போகும் வழி இங்கிருந்து புறப்படும் கப்பல்தான். அது எப்போது புறப்படும் என்று ஒருவராலும் திடமாகச் சொல்ல முடியாது. கடல் குழம்பினால் இல்லை, சண்டை மூண்டால் இல்லை. உறவினர் வீடுகளிலும் மண்டபங்களிலும் பெட்டி படுக்கையோடு நாட்கணக்காக இருந்தவர்கள், காலையில் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதும் மாலையில் கடற்கரையில் உட்கார்வதுமாக இந்த நகரத்தின் பாதி நடமாட்டமாகவே இருந்தார்கள். என் மனைவியும், அப்போது அவள் என் மனைவி அல்ல, அப்படிப் பதினொரு நாள் இருந்தவள். பன்னிரண்டாம் நாள் கப்பல் வந்தது. அதற்குள் கலியாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது.

அதனால் ஜீப்பை நிறுத்திவிட்டு இருவரும் நடந்தோம். திருகோணமலை நகரம் இரண்டு கடலுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய நிலம். ஒருபக்கம் திறந்த கடலின் ஒல்லாந்தர் குடா, மறுபக்கம் உட்துறைமுகம். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கால்மணி நேரம்கூட நடக்கத் தேவையில்லை. காலையில் ஒரு கடலில் சூரியன் எழுவதையும் மாலையில் மற்றதன் மேல் அது மலைகளுக்குப் பின்னால் இறங்குவதையும் செருப்பு மாற்றாமலே பார்த்துவிடலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தடி, பேருந்து நிலையம், மைதானத்துக்கு எதிரே பத்திரகாளி அம்மன் கோயில் என்று பழைய வழியிலேயே போனோம். கோயிற் கோபுரம் முன்னைவிட வண்ணமாக நிற்கிறது. நான் சாப்பிட்ட சாப்பாட்டுக் கடை கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. புள்ளிமான்கள் மட்டும் எவ்வித மாற்றமுமின்றி, கடற்கரையிலும் வீதியோரத்திலும் ஆட்களை அலட்சியம் செய்தபடி நிற்கின்றன. ஒன்று, யாரோ வீசிய பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. மனைவி அதை வாயிலிருந்து இழுக்கப் போனாள். மான் அவளை ஒரு முட்டு முட்டப் பார்த்தது. பை மானுடனேயே போயிற்று.

மாலையில் உட்துறைமுகக் கரையில் இருந்தோம். இது உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் ஆழத்தைவிட இதன் வாயமைப்புத்தான் முக்கியம் என்று வரைபடம் வரைந்த எனக்குத் தோன்றும். குடாவுக்குள் குடாவாக, வெளியே எந்தப் பருவக்காற்று அடித்தாலும் உள்ளே நீர் அசையாத அமைப்பு. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு ஒதுங்க இப்படியொரு இடம் இருக்கவில்லை. அதனால்தான் 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து சஃப்ரனின் தலைமையில் பிரெஞ்சுக்காரரும் இதைப் பிடித்தார்கள். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயரிடமே வந்து சேர்ந்தது. காற்று மாறும்வரை பத்திரமாகக் காத்திருக்க ஓரிடம் வேண்டும் என்பதற்காக இவ்வளவு பீரங்கி வெடித்திருக்கிறது.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை

கொழும்பிலிருந்து பெயாரிங் வந்தது. வேறு பெயாரிங். உள்விட்டம் சரி, வெளிவிட்டம் பெரிது. மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வளையல் மாதிரிப் போட்டுக்கொண்டு போகலாம், ஐயா" என்றார். மறுபடி தொலைபேசி, இம்முறை கழற்றிய பெயாரிங்கை அளவுகோலோடு வைத்துப் படமெடுத்து அனுப்பினோம். நேற்றே அப்படிச் செய்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஆனபடியால் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாயிலில் நான் எப்போதும் நிற்கும் இடத்தில் இன்றும் நின்றேன். பிரெட்ரிக் கோட்டையின் வாயிற் சுவரில், இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் பொறித்த கல் ஒன்று பதிந்திருக்கிறது. மீன் பாண்டியரின் இலச்சினை. எழுத்துகள் முழுமையாக இல்லை. குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்ற பொருளில் அவற்றை வாசிப்பார்கள். 1620களில் போர்த்துக்கேயர் மலைமேலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களையே கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். இடித்தவனின் சுவரிலேயே இடிபட்டதன் கல் நானூறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. நெரிசலில் வருகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை. இன்று நான் ஒரு குடும்பத்தை மறித்துக் காட்டினேன். அவர்களுடைய சிறுமி மீனை உடனே கண்டுபிடித்தாள், தகப்பனுக்குத்தான் நேரமெடுத்தது.

கோட்டைக்குள் இராணுவ முகாமைத் தாண்டி ஏறும் வழியெல்லாம் கடைகள்: தாமரைப்பூ, அர்ச்சனைத் தட்டு, பனங்கற்கண்டு, கூம்பு கூம்பாகக் கச்சான். உச்சியில் கச்சானும் வீசுகிறது. இந்தச் சிலேடையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு அதே படியில் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். இன்று தலையை மட்டும் அசைத்தாள்.

இப்போதுள்ள கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முந்திய கதைதான் எனக்குப் பிடித்தது. 1950இல் நகரில் கிணறு வெட்டியவர்களின் மண்வெட்டியில் சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டன. அழிவு வருமுன் யாரோ குழி தோண்டி, அடையாளம் வைக்காமல் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்ப எடுக்க அவர்களால் முடியவில்லை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நிற்கும் இந்தச் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் மூழ்கியபோது, இடிபாடுகளின் தூண்களும் செதுக்குக் கற்களும் ஆழத்தில் கிடந்தன. இத்தனைக்கும் நடுவே, கோயில் இல்லாதிருந்த மூன்று நூற்றாண்டுகளும், இந்த மலைக்கு வந்து வெறும் பாறைக்கும் கடலுக்கும் பூ எறிந்து கும்பிட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். திருஞானசம்பந்தரும் இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. கடல் கடக்காமலே பாடல் பெற்ற தலம் இது.

இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால், முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறையின் பிளவில் கடல் ஏறி இறங்குகிறது. ஓரத்து மரத்தில் பிள்ளைவரம் கேட்டவர்கள் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் காற்றில் ஆடின. சற்றுத் தள்ளி ஒரு கல்தூண். 1687ஆம் ஆண்டைத் தாங்கிய ஒல்லாந்து எழுத்து. காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு பிரான்சினா வான் றீட் என்ற பெண் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஒல்லாந்தர் ஆவணங்களைப் பார்த்தவர்களோ அவள் பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் மேல். கப்பல் போய்விட்டால் என்ன, மேலே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்றேன். "பதினொரு நாள் இருந்து பார்த்தனீங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

பூசை முடிந்து பொங்கல் கிடைத்தது. இறங்கும்போது முழங்கால் இரண்டும் பேசின.

பதினோராம் நாள், சனிக்கிழமை

பெட்டி ஜாக்கியின் மேல். ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மூதூருக்குப் போனோம். பத்து நாள் பழக்கத்தில் கை இன்னும் மறக்கவில்லை: ஒவ்வொரு வளைவிலும், இல்லாத பெட்டிக்காக அகலமாகச் சுற்றித் திருப்பினேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ.

சீனன்குடாவில் வீதிக்கு அப்பால் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஆங்கிலேயர் தம் கடற்படைக்காகக் கட்டத் தொடங்கியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் இந்த எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின்மீதே வந்து வீழ்ந்தது. இப்போது எஞ்சியிருப்பவை 99. அவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாக வெறுமையாகவே இருந்தன. 2022இல் செய்த உடன்படிக்கையின்படி 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். அந்தத் தாக்குதலில் இறந்தவர்கள் உட்படப் போர்க்காலத்தில் மாண்ட பலர் எங்கள் தங்குமிடத்துக்கு அருகே, நிலாவெளி வீதியோர யுத்த மயானத்தில் கிடக்கிறார்கள்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். சவூதி அரேபிய நிதியில் கட்டியது. பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்து, கீழே பாதை ஓடிய துறையைத் தேடினேன். வெளியூரார் இதை வாசித்தால் குழம்பக்கூடும்: ஆற்றைக் கடக்க வாகனங்களை ஏற்றிக் கயிற்றில் இழுக்கும் மிதவைக்கு இந்தப் பக்கத்தில் பாதை என்றே பெயர். 'பாதை அந்தக் கரையில் நிக்குது' என்பது இங்கே சாதாரண வசனம். திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போனால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று முன்பு நாலு இடத்தில் பாதைக்கு நிற்க வேண்டியிருந்தது. அலுவலக வேலையாக நான் அப்படிப் போன நாட்களில், முதலாவது பாதையில் கண்ட முகங்களை நாலாவதில் உறவினர்போல விசாரிப்போம். இப்போது நாலும் பாலம். மனைவியின் கைத்தொலைபேசி அழைப்பு ஒன்று முடிவதற்குள் மூன்று ஆறு தாண்டிவிட்டோம்.

இந்த நாலு பாலத்தையும் நான் வரவேற்கிறேன். பிள்ளைத்தாச்சியைப் பாதையில் வைத்துக்கொண்டு மழையில் நின்ற வாகனத்தை நான் கண்டிருக்கிறேன். 2021இல் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூழ்கியது, பாலம் இல்லாத இடத்தில் மனிதர் எதை நம்பி ஆற்றைக் கடக்கிறார்கள் என்பதைக் காட்டியது. காத்திருந்ததில் கிடைத்த சுகத்தை நான் எழுதலாம். அந்தத் தாய்மார் எழுதமாட்டார்கள்.

மூதூர்க் கடையொன்றில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்டோம். கல்லாவில் இருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "யாழ்ப்பாணமா, தம்பி? எங்க நிக்கிறீங்க?" என்று விசாரித்தார். பெயாரிங் கதையைச் சொன்னேன். "அப்ப நீங்களும் வெள்ளைக்காரன் மாதிரித்தான்" என்றார் அவர்.

அவர் சொன்னது றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியை. 1659 இறுதியில் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல், புதுப் பாய்மரம் பொருத்துவதற்காக இந்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நின்றது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தலைவனையும் அவனுடைய மகனையும் இன்னும் பதினைந்து பேர் வரையிலும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் மறு ஆண்டே இறந்தான். மகன் நொக்ஸ், தொப்பி பின்னியும் சில்லறை வியாபாரம் செய்தும் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1679இல் காடு வழியே தப்பி, மன்னார்ப் பக்கத்தில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த அரிப்புக் கோட்டையின் இடிந்த சுவரில் சாய்ந்துதான் ஆறு நாட்களுக்கு முன்னர் நாங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். அவன் வெளியேறிய இடத்திலிருந்து பிடிபட்ட இடத்துக்கு நாங்கள் தலைகீழாக வந்திருக்கிறோம். புளியமரத்தடி என்று காட்டப்படும் இடத்தில் நினைவுக்கல்லைப் பார்த்தோம். ஆடு ஒன்று அதன் நிழலில் படுத்திருந்தது.

"அவனுக்குப் பாய்மரம் கிடைச்சதோ?" என்று மனைவி கேட்டாள். நொக்ஸுக்கு அதன் பிறகு பாய்மரம் தேவைப்படவில்லை என்றேன்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

பெயாரிங் வந்தது, சரியான பெயாரிங். ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் மெக்கானிக் காலை ஆறரைக்கே வந்துவிட்டார். இம்முறை நான் தேநீர் குடிக்கப் போகவில்லை. உள்ளங்கையில் கிரீஸைக் குவித்து, பெயாரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தில் உருளைகளுக்கு நடுவால் கிரீஸ் புழுப்போலப் பிதுங்கி வரும்வரை நிரப்பினார். குடத்தைப் பூட்டி, சில்லைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, விரலால் முட்டும் அளவில் விட்டு, கொட்டர் பின்னை வளைத்தார். இறுகினால் சுடும், தளர்ந்தால் சில்லு ஆடும் என்றார். வலது பக்கத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் கிரீஸ் மேற்பூச்சுத்தான். கொழும்பிலிருந்து நல்லவேளையாக இரண்டு வாங்கியிருந்தார்.

புறாத்தீவுக்குப் போகவில்லை. பருவகாலத்துக் கூட்டமும் படகுகளும் அந்தச் சிறிய பவளப்பாறைக்கு நல்லதல்ல என்பது என் எண்ணம்; முழங்கால் வலி என்பது மனைவியின் எண்ணம். இரண்டும் உண்மை.

பத்து மணிக்குப் பெட்டியைக் கொளுவி, காவற் சங்கிலியைக் குறுக்காகப் போட்டு, விளக்குகளைப் பார்த்து, தண்ணீர்க் கலன்களை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டினோம். நண்பர் ஒரு குலை செவ்விளநீரைக் கொண்டுவந்து பின்கதவைத் திறக்கப் போனார். முன்பக்கம், முன்பக்கம் என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

படலையால் முதல் முயற்சியிலேயே வெளியே வந்துவிட்டேன். முன்னுக்குப் போவதுதானே. பாலங்கள் நாலையும் தாண்டி, வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலடியில் மரநிழல் பார்த்து நிறுத்தினோம். இறங்கிப் போய் இடது குடத்தில் புறங்கையை வைத்தேன். மனைவி ஜன்னலால் தலையை நீட்டினாள்.

"எத்தினையாவது கிணறு?"

"மூண்டாவது."

அவள் இறங்கி வந்து, நான் சொன்னதை நம்பாமல் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் போனாள். இன்றிரவு வாகரை.